பச்சை பிடிக்கும் வரை

எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. போன மழைக்காலம் முழுக்க அதில் என் நைனாவின் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, சவரச் சாமான். பீரோவில் ஒரு தட்டையே அவருக்காகக் காலி செய்து வைத்தேன். "அதெல்லாம் எதுக்கு? நான் இன்னா இங்கயே இருக்கப் போறனா?" என்று சொல்லிவிட்டார். வேட்டியைத் துவைத்து மடித்துக் கொடுத்தால் அது மறுபடியும் அந்தப் பைக்குள்தான் போகும். அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருப்பது பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, லைட்ஹவுஸ் குப்பத்தில். என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நான் பிறந்தது காட்டூரில், நெல் போடுகிற வீட்டில். பஸ் ஏறினால் பக்கம்தான். ஆனால் நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் அந்தத் தூரம் நைனாவுக்கு ரொம்ப நீண்டுபோயிற்று. வராமல் இருக்க மாட்டார். பொங்கலுக்கு வருவார், இப்போது ஹாஸ்டலில் படிக்கிற என் மகள் பிறந்தபோது வந்தார், காபி குடிப்பார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஓர் இரவுகூட என் வீட்டில் படுத்தது கிடையாது. மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதும் கிடையாது. அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "சாப்ட்டாரானு கேளு மா" என்பார் என்னிடம். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "சாப்ட்டேன்னு சொல்லு" என்பார். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

புரட்டாசியில் சம்பா நடவு முடிந்த அன்று நைனா வரப்பில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து, தொடைவரை மாவுக்கட்டு. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி பெங்களூரில் ஓர் அறையில் நாலு பேரோடு தங்கி வேலை பார்க்கிறான். காட்டூர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. என் வீட்டுக்கு வா என்று கேட்டால் நைனா வர மாட்டார். அதனால் நான் கேட்கவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பியதும் டிரைவரிடம் ஏரிப் பாலம் தாண்டி நேராக எங்கள் குப்பத்துக்கு விடச் சொல்லிவிட்டேன். ஏரிக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் நைனாவுக்கு விஷயமே விளங்கியது. "வேலையக் காட்டிட்டியே மா" என்றார்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வேலை போன் போடுவது. காட்டூரில் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, "பச்ச புடிச்சிதா?" என்று கேட்பார். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் முதலில் வெளுத்துத் தலை சாய்ந்து கிடக்கும். வேர் இறங்கிய பிறகுதான் நிமிரும், நிறம் திரும்பும். அதைத்தான் பச்சை பிடிக்கிறது என்போம். ஒருநாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து, "ஷோக்கா புடிச்சிச்சி, நீ கவலப்படாத" என்று பதில் வந்தது. நைனா போனை வைத்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காபி கொண்டுபோனேன்.

"நட்டுட்டு பச்ச புடிக்கறத பாக்காத மொத வருசம் மா இது" என்றார்.

அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்துபோயிற்று. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மணல், இழுத்துப் போட்ட போட்டுகள், குவித்த வலை, காய்கிற மீன், அதற்கப்பால் கடல். "கண்ணுக்குப் பச்சையே இல்லியே இங்க" என்று சலித்துக்கொள்வார். சவுக்கு இருக்கிறது, பனை இருக்கிறது என்று நான் சண்டைக்குப் போவேன். "அதெல்லாம் ஒரு பச்சையா?" என்பார். என்னவென்று சொல்ல! கட்டு பிரித்ததும் காட்டூருக்குப் போய்விடுவேன் என்று ஒரே பிடிவாதம். அந்தக் காலி வீட்டில், ஆட்டம் கண்ட காலோடு, தனியாக. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசையும்தான். என் வீட்டில் என் அப்பா இருக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை. அதை வாய்விட்டுக் கேட்க மட்டும் எனக்கு வரவில்லை. ஊரையே வாயால் அளக்கிறவள் இதைக் கேட்கத் தெரியாமல் நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. பழவேற்காடு பஜாரில் ஐஸ் விற்கிற ஒருவர் வீடு மாறிப் போகும்போது, இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டார். மேலே மூடியில் லைட் வைத்த பெரிய மீன்தொட்டி. என் வீட்டுக்காரர் அதை நைனாவின் கட்டிலுக்கு எதிரே மேசைமேல் தூக்கி வைத்தார். "மாமாவுக்குப் பொழுது போவும், கலர் மீனு வாங்கி உடலாமானு கேளு" என்றார்.

"ஐய, வெளில அவ்ளோ பெரிய கடல் ஃபுல்லா மீனு. அது பத்தாதுன்னு வூட்டுக்குள்ள வேறயா? வேணாம்னு சொல்லு" என்றார் நைனா.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "மீனு வேணாம்னா போ. செடி வைக்கறேன். தண்ணிக்குள்ள வேர் உட்டு வளர்ற செடி பொன்னேரில விக்கறாங்க. பச்சை பச்சைனு உயிர வாங்கறியே, பாரு பச்சைய" என்று கத்தினேன்.

நைனா அந்தத் தொட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "உப்புக் காத்து அடிக்கற ஊர்ல, அதுவும் கண்ணாடிப் பொட்டில! அதுக்குள்ள ஒரே ஒரு எல புதுசா உட்டுச்சினா நான் இங்கயே கெடக்கறேன், போ" என்றார்.

நான் விடுவேனா? "வார்த்தை மாற மாட்டியே?" என்று கேட்டேன். "மாறினா என்னான்னு கேளு" என்று கையை உதறினார். என் வீட்டுக்காரர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தெரியாமல் நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளே என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கிவிட்டார். செடி நிற்க அடியில் மணல் வேண்டும் அல்லவா? எங்கள் ஆட்களுக்குச் சுத்தமான மணல் என்றால் அது முகத்துவார மணல்தான். கடலும் ஏரியும் போக வர அலசுகிற இடம், அழுக்கு நிற்காது. அங்கிருந்து ஒரு அன்னக்கூடை வாரிக்கொண்டு வந்து, கைபம்பில் அலசி அலசித் தொட்டியில் கொட்டினார். கிளிஞ்சல் தூள் கலந்து மினுமினு என்றிருந்தது. "சக்கர மாதிரி கீது பாரு" என்று பெருமை வேறு. நான் பொன்னேரி போய் மீன் கடையில் தண்டுத் தண்டாக நாலைந்து கட்டுச் செடி வாங்கி வந்து ஊன்றினேன். பைப்புத் தண்ணீரை ஊற்றி லைட்டைப் போட்டதும், அம்மாடி, அறையே குளுகுளு என்று ஆகிவிட்டது. கட்டிலில் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த நைனா, அன்றைக்கு இந்தப் பக்கம் தலையணையை மாற்றிக்கொண்டார்.

அந்த வாரமே செடிகள் படுத்துவிட்டன. தண்டு கண்ணாடிபோல் ஆகி, மணலுக்குள் இருந்த பாகம் அழுகி, ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. நான் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் முதலில் அதைத்தான் செய்வோம். குடிக்கவா, சோறு வடிக்கவா, துணிக்கு மட்டுமா என்று நாக்குதான் முடிவு சொல்லும். நாக்கு சுருங்கியது. பைப்புத் தண்ணீரில் லேசாக இருக்கிற கரிப்பு, இதில் நன்றாகவே ஏறியிருந்தது.

"எனக்கும் ஒரு சொட்டு குடு" என்று நைனா கையை நீட்டினார். நாக்கில் வைத்தார், ஜன்னல் வழியாகத் துப்பினார். அப்புறம்தான் அது நடந்தது. என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்து, நேராக, "இன்னா மாப்ளே இது! ஏரியத் தூக்கியாந்து வூட்டுல வெச்சிக்கீறீங்களே, உப்புல எந்தப் பயிருங்க நிக்கும்? மணலத் தூக்கி வெளிய கொட்டுங்க மொதல்ல!" என்று சத்தம் போட்டார்.

என் வீட்டுக்காரர் வலையைப் போட்டுவிட்டு எழுந்து, "சரிங்க மாமா" என்றார். மணலை வாரிக்கொண்டு பின்பக்கம் போனவரை நான் தொடர்ந்து போனேன். மனசு நொந்திருப்பாரே என்று பயம். அவரானால் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"திட்னாரு மே! என்னையே பாத்துத் திட்னாரு!" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை நைனாவின் முறை. செடிக்கு வேண்டியது மண், மணல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதுவும் எந்த மண்? எங்கள் வயலில் கிணற்றங்கரை மூலையில் மழைக்கு முன்னால் நாற்றங்கால் விட்டிருந்தாரே, அந்த மண். நான் காட்டூர் போய், முட்டிவரை சேற்றில் நின்று தோண்டி, பழைய உரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன். "இன்னா மூட்ட, அரிசியா?" என்றார் கண்டக்டர். மண்ணு என்றேன். "பழவேற்காட்டுல மண்ணுக்கா பஞ்சம்?" என்று கேட்டார். எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

சாக்கை அவிழ்த்ததும் நைனா ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்து மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மதியம் மறுசோறு கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பரிமாறினேன்.

மண்ணைப் பரப்பி, செடி நட்டு, தண்ணீர் ஊற்றினோம். இரண்டு மூன்று நாளில் தொட்டி பச்சையாகிவிட்டது. செடி இல்லை, தண்ணீர். அடி தெரியவில்லை, செடி தெரியவில்லை, அந்தப் பக்கத்துச் சுவர் தெரியவில்லை. அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. நாற்றம் தெருவரைக்கும் போயிற்று. கருவாடு காய்கிற தெருவில் ஒரு நாற்றம் தனியாகத் தெரிகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட நாற்றமாக இருக்க வேண்டும்! பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "இன்னாக்கா, வூட்டுக்குள்ள குட்டை வெட்டிக்கீற?" என்று கேட்டு ஒரே சிரிப்பு.

வெறும் மண் இந்த வேலையைச் செய்யாதே என்று எனக்குச் சந்தேகம். கையை விட்டு அடியைக் கிளறினேன். உருண்டை உருண்டையாக வந்தது. ஆட்டுப் புழுக்கை!

"யாரு போட்டது இத?"

நைனா ஃபேனைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் ஃபேனைப் பார்த்தார். நான் மண்ணெடுக்கக் காட்டூர் போயிருந்த அன்றைக்கு, அடியுரம் போடாமல் என்ன நடவு என்று மாமனார் கேட்க, மருமகன் வலை காயப்போடும் இடத்தில் மேய்கிற ஆடுகளின் பின்னால் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறார். நான் திரும்புவதற்குள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து தொட்டியின் அடியில் கொட்டி, மேலே மணல் தூவி மூடிவிட்டு நல்ல பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் பேசின பேச்சு கடலுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு பேரும் சேர்ந்து வூட்டையே கலீஜ் பண்ணிட்டீங்களே, பெரிய மனுசங்களா நீங்க!" என்றேன். நைனா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பக்கத்தில் போனால், சிரிக்கிறார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவேயில்லை. நான் மட்டும் எத்தனை நேரம் முறைத்துக்கொண்டு நிற்பது? நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாவது தடவை யாரையும் நம்பவில்லை, மீன் கடைக்காரரையே கேட்டுக்கொண்டு வந்தேன். மிச்சமிருந்த வயல் மண்ணை வாளியில் ஊறவைத்து, மிதக்கிற வைக்கோல், வேர், சருகு எல்லாம் போகிறவரை வடித்து வடித்து ஊற்றி, மழை விட்ட நேரமாகப் பார்த்துக் காயவைத்துச் சலித்தேன். அது அடியில் ஒரு விரல் கனத்துக்கு. அதற்கு மேலே, வீட்டுக்குத் தரை போட்டபோது மிச்சமான ஆற்று மணல், அலசி, இரண்டு விரல் கனத்துக்கு. பைப்புத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மழை பெய்து பனந்தோப்பு ஊற்றில் நல்ல தண்ணீர் ஊறியிருந்தது. கடலிலிருந்து வந்த கையோடு என் வீட்டுக்காரர் குடம் குடமாகச் சுமந்தார். ஒவ்வொரு குடத்திலும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணி மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார். மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மெதுவாக ஊற்றினார்.

இந்தத் தடவை செடியும் வேறு. கணுக்கணுவான தண்டு இல்லை, அடியிலிருந்தே கொத்தாக நீள இலை விடுகிற செடி. இதுதான் வேரால் வாழ்கிற ஜாதி என்றார் கடைக்காரர். ஏதோ கிரிப்டோ என்று ஆரம்பிக்கிற பெயர் சொன்னார், வாயில் நுழையவில்லை. நட்டது நைனா. கட்டிலை மேசையோடு ஒட்டிப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டார். வேரைக் கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரே அழுத்து. கையை எடுத்தால் செடி நிற்கிறது. நான் ஊன்றினபோதெல்லாம் மிதந்து வந்ததே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "வரிசையா நடாத நைனா, இது வயல் இல்ல" என்றேன். "வரிசையா நட்டாத்தான் காத்து போவும்" என்றார். தண்ணீருக்குள் என்ன காற்று என்று கேட்க வாயெடுத்து, சும்மா இருந்துவிட்டேன்.

தண்ணீர் தெளிந்தே இருந்தது. கரிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை. அப்படியிருந்தும் ஒருநாள் காலையில் ஓர் இலையில் ஓட்டை. அடுத்த நாள் அது கூழ். தொட்டால் கரைகிறது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா இலையும் அப்படியே கரைந்து, ஒரு வாரத்தில் மணல்மேல் சின்னச் சின்ன மொட்டை முனைகள் மட்டும் நின்றன. நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து தொட்டியையும் உடைத்துவிடலாம் போலிருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தேன். அந்த மனுஷன் அசரவில்லை.

"எடம் மாறினா அது அப்படித்தாம்மா, இருக்கற எலயெல்லாம் உட்டுடும். அது செத்ததா அர்த்தம் இல்ல. வேரைக் கிளறாம உட்டீங்கனா தானா வரும். பிடுங்கிப் பாத்தீங்க, போச்சு" என்றார்.

"எப்போ வரும்?"

"அத யாரு கண்டா? அதுக்குத் தோணும்போது வரும்."

இதை நைனாவிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு மொட்டை முனையை இரண்டு விரலால் பிடித்து, இழுத்தும் இழுக்காமலும் ஒரு சின்ன அசைப்பு. கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். "புடி இருக்குது" என்றார்.

இதற்குள் கட்டு பிரிக்கும் நாள் வந்துவிட்டது. பொன்னேரியில் பிரித்தார்கள். கோல் பிடித்து நடக்கலாம் என்றார்கள். தம்பி போனில், காட்டூரில் சமைத்துப்போட ஓர் ஆயாவை ஏற்பாடு செய்துவிட்டேன் என்றான். நல்ல நாள் பார்த்து, ஆட்டோவுக்கும் சொல்லியாயிற்று. எல்லாம் மளமளவென்று நடந்தது. தொட்டி மட்டும் அப்படியேதான் இருந்தது. நான் காலையில் எழுந்ததும் பல்லைக்கூடத் துலக்காமல் அதன் முன்னால் போய்க் குனிந்து நிற்பேன். மொட்டை மணல். ஓர் இலை, ஒரே ஓர் இலை வந்திருந்தால் வார்த்தையைக் காட்டி அவரைப் பிடித்து வைத்திருப்பேன். "சாமி, எனக்காகக் கொஞ்சம் சீக்கிரம் வரக் கூடாதா?" என்று அந்த முனைகளிடம் கெஞ்சியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "செடியாண்ட பேசறத மாமாவாண்ட பேசேன்" என்றார். பேச வரவில்லை என்றுதான் சொன்னேனே.

கிளம்புகிற அன்று ஆட்டோ வந்து வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. ஆணியிலிருந்து பையை எடுத்தவர் அவர்தான், எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நைனா சட்டை மாட்டிக்கொண்டு, கோலை ஊன்றி எழுந்தார். வாசலுக்குப் போகிற வழியில்தான் மேசை. தொட்டி முன்னால் நின்றார். லைட்டைப் போட்டார். குனிந்து பார்த்தார். நான் அடுப்படி வாசற்படியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"மாப்ளே, அந்த ஆட்டோவ போவச் சொல்லுங்க" என்றார் நைனா.

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. "இன்னா மாமா, எதாவது மறந்துட்டீங்களா?"

"பச்ச புடிக்கலியே இன்னும்" என்றார் நைனா. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "நட்டவன் பச்ச புடிக்கறதுக்கு முன்ன உட்டுட்டுப் போவானா? அந்தாண்டதான் பாக்கக் கொடுத்து வெக்கல. இதயாவது பாத்துட்டுப் போறேன்."

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் பையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே ஓடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இலை வந்தால் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னவர் இவர். அந்த இலைக்காகத்தான் இப்போது காத்திருக்கப் போகிறேன் என்கிறார். இலை வந்தால் தோற்பது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன! அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன். அழுது முடித்து அவருக்குப் பிடித்த முருங்கைக்கீரைக் குழம்பு வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அவசரமே இல்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அவசரப்பட்டவர் என் வீட்டுக்காரர்தான். கடலிலிருந்து வந்ததும், காலில் மணலோடு, மீன் வாடையோடு, நேராகத் தொட்டி. மாமனாரும் மருமகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீன்காரன் வீட்டில் மீனும் இல்லாத, செடியும் இல்லாத தொட்டி என்று தெருவே கேலி பேசியது. பேசட்டுமே. அவர்கள் இருவரும் பேசினது வேறு. எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்று இவர் சொல்ல, எந்த மழைக்குப் பயிர் சாயும் என்று அவர் சொல்ல, நான் நடுவில் தலையைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

மார்கழிக் குளிரில் ஒரு காலை. நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, "மாமா! மாமா! தோ பாருங்க!" என்று அலறல். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றிருந்தார்கள். வரிசையில் மூன்றாவது செடி. மொட்டை முனைக்கு நடுவில் ஊசி முனை அளவுக்கு, சுருட்டின வாழைக்குருத்துபோல, வெளிர்ப் பச்சையில் ஒன்று.

நைனா கண்ணாடிமேல் விரலை வைத்தார். "புடிச்சிச்சி" என்றார்.

எனக்கா வாய் சும்மா இருக்கும்? "ஒரே ஒரு எல வந்தா இன்னா பண்றேன்னு சொன்ன, ஞாபகம் இருக்குதா?" என்றேன். நைனா அடுத்த செடியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர், சும்மா இரு என்று கண்ணைக் காட்டினார். சரி, அவசரப்பட்டுவிட்டோமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நைனா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்ளே" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"நாளைக்குக் கடலு இல்லன்னீங்களே. அப்படியே காட்டூர் வரைக்கும் போய்ட்டு வர முடியுமா? வூட்டாண்ட மூலைல என் மம்முட்டி கீது. எடுத்தாந்துருங்க."

"மம்முட்டியா? இந்த மணலுக்கு எதுக்கு மாமா மம்முட்டி?"

"பின்னாடி அவ்ளோ எடம் சும்மா கெடக்குது. ரெண்டு மூட்ட மண்ணும் சேத்துத் தூக்கியாங்க. கீர போடலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பைய கழட்டி அலமாரில வெச்சிடு மா. சுவத்துல தொங்கினா பாக்க நல்லாவா கீது?" என்றார்.

நான் எழுந்து போய்ப் பையை எடுத்தேன். வேட்டிகளைப் பீரோத் தட்டில் அடுக்கி வைத்தேன். இப்போது அந்த ஆணியில் தொட்டி லைட்டின் ஒயர்தான் தொங்குகிறது.